பத்திரம் பதியறதுக்கு முன்னாடி ஒரு நடை

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதி மக்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு வாங்கறதைப் பத்திப் பேசணும்னு சொன்னதும், பட்டா, வில்லங்கச் சான்று, முத்திரைத்தாள்னு வரிசையாச் சொல்லப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. அதையெல்லாம் உங்க வக்கீலும் பத்திர எழுத்தரும் பார்ப்பாங்க. நான் பேச வந்தது வேற. பதிவுக்கு நாள் குறிச்சாச்சு, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. அந்த ரெண்டு நாளைப் பத்தி மட்டும் பேசறேன்.

அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, வங்கிக் கடனும் கையெழுத்தாகி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக எல்லாம் தயார். அந்த நேரத்துல, "வீட்டைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "அட்வான்ஸ் கொடுக்கறப்ப பார்த்தோம்ங்க, மூணு மாசம் இருக்கும்"னு பதில் வரும். மூணு மாசம்ங்கறது சின்ன காலம் இல்லை. அதுக்குள்ள வித்தவர் காலி பண்ணிட்டுப் போறப்ப போர் மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சுவர் எழுப்பியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துட்டுப் போயிருக்கலாம். நீங்க கடைசியாப் பார்த்த வீடும் கையெழுத்துப் போட்டு வாங்கப் போற வீடும் ஒண்ணுதானான்னு நேர்ல போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழக்கமே இருக்கு. ஃபைனல் வாக் த்ரூன்னு சொல்றாங்க. பதிவுக்கு முந்தின நாளோ, அன்னைக்குக் காலையிலயோ வாங்கறவர் காலி வீட்டுக்குள்ள போய், ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுப் பார்ப்பார். சரியா இருந்தாத்தான் பணம் கைமாறும். நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு மண்டபம் பிடிச்சாலே முந்தின நாள் போய் லைட் எரியுதா, பாத்திரம் இருக்கான்னு பார்க்கறோம். ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கற வீட்டுக்கு அந்த ஒரு நடை கிடையாது.

ஏன் போகணும்னு சட்டத்துல இருந்தே சொல்றேன், பயப்படாதீங்க, சுருக்கமாத்தான். சொத்து மாற்றுச் சட்டம்னு 1882-ல் வந்தது ஒண்ணு. 1968-ல் புதுச்சேரிக்கும் நீட்டிச்சாங்க. அதோட 55-ஆவது பிரிவு, விக்கிறவர் என்ன செய்யணும், வாங்கறவர் என்ன செய்யணும்னு பிரிச்சுச் சொல்லுது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் அதுதான் கணக்கு. வீட்டுல பெரிய குறை இருந்தா விக்கிறவர் சொல்லியாகணும். ஆனா எந்தக் குறை? தனக்குத் தெரிஞ்சு, வாங்கறவர் சாதாரண கவனத்தோட பார்த்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறை. கண்ணுக்கு முன்னாடி தெரியற விரிசலை அவர் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. "நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க"ன்னு அவர் கேட்டா, நம்மகிட்ட பதில் இருக்காது.

இன்னொண்ணு. "பதிவுத் துறை எல்லாம் பார்த்துத்தானே பதிவாங்க?"ன்னு நிறைய பேர் நம்பறாங்க. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் கோபி என்பவர் தொடுத்த வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. விக்கிறவர் மூலப் பத்திரத்தைக் காட்டலைன்னா பதிவை மறுக்கலாம்னு தமிழ்நாடு ஒரு விதி வச்சிருந்தது. அந்த விதி செல்லாதுன்னுட்டாங்க. சொத்துல விக்கிறவருக்கு உரிமை உண்டா இல்லையான்னு தீர்மானிக்கிறது பதிவு அலுவலரோட வேலை இல்லை, பத்திரத்தைப் பதியறதுதான் அவர் வேலைன்னு விளக்கமும் சொன்னாங்க. புதுச்சேரி ரெயின்போ நகர்ல காமாட்சியம்மன் கோயிலுக்குச் சொந்தமான இடத்தைப் போலிப் பத்திரம் மூலமா வித்த வழக்கைச் செய்தித்தாள்ல படிச்சிருப்பீங்க. சிபிசிஐடி விசாரிச்ச வழக்கு. அங்கேயும் பத்திரம் பதிவாகித்தான் இருந்தது. வங்கிக்காரங்களும் மதிப்பீட்டாளரை அனுப்பறாங்களேன்னு கேட்பீங்க. அனுப்பறாங்க, ஆனா அவர் வங்கியோட பணம் பத்திரமா இருக்குமான்னு பார்க்க வர்றவர். உங்க வீட்டுப் பின்பக்கக் கழிவறையில தண்ணி போகுதான்னு பார்க்க வர்றவர் இல்லை.

அதனால நீங்கதான் போகணும். கையில என்ன இருக்கணும்? பத்திர வரைவோட நகல், பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம், ஐம்பதடி டேப் ஒண்ணு, சார்ஜ் ஏத்தின போன், அதோட சார்ஜர். சார்ஜர் எதுக்குன்னா ஒவ்வொரு பிளக் பாயின்ட்லயும் சொருகிப் பார்க்கறதுக்கு. கூட வீட்டுப் பெண்கள் கட்டாயம் வரணும். சமையலறையில மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், புகை எந்தப் பக்கம் போகும்னு அவங்க ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. ஆம்பளைங்க மட்டும் போனா கேட் நல்லா இருக்கு, கார் நிக்கும்னு சொல்லிட்டு வந்துடறோம்.

உள்ளே போனதும் சுவரைப் பார்க்காதீங்க. முதல்ல மனுஷங்களைப் பாருங்க. அங்க யார் இருக்காங்க?

இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், அதிகமா அடிபடற இடம் இதுதான். நீங்க வாங்கற சொத்துல யாராவது குடியிருந்தா, அவங்களுக்கு அதுல என்ன உரிமை இருக்கோ அது உங்களுக்குத் தெரியும்னே சட்டம் எடுத்துக்கும். அதே சட்டத்தோட 3-ஆவது பிரிவுல இருக்கிற விளக்கம் இது. "எனக்குத் தெரியாதுங்க, யாரும் சொல்லலை"ன்னு பின்னாடி சொல்ல முடியாது. போய்ப் பார்த்திருக்கணும், கேட்டிருக்கணும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துல போக்கியம் சாதாரணம். மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துட்டு வாடகை இல்லாம குடியிருக்கறது. லீஸுன்னும் சொல்றோம். பாதிக்கு மேல வெள்ளைத்தாள்லயும் இருபது ரூபாய் முத்திரைத்தாள்லயும் எழுதிக்கறதுதான், பதிவு பண்றது கிடையாது. பதியாதது வில்லங்கச் சான்றுல வராது. சான்று சுத்தமா இருக்கும், வீட்டுல ஆள் இருப்பாங்க. "அவங்க அடுத்த மாசம் காலி பண்ணிடுவாங்க"ன்னு விக்கிறவர் சொல்வார். நீங்க பணத்தைக் கொடுத்துப் பதிஞ்சுட்டு வந்தா, "என் மூணு லட்சத்தைக் கொடுங்க, போறேன்"னு அவங்க நிப்பாங்க. அவங்களும் பாவம், அவங்க பணம் அது. வித்தவர் போனை எடுக்க மாட்டார். அதனால குடியிருக்கிறவங்களைத் தனியாப் பார்த்து மூணு கேள்வி கேளுங்க: எப்போ வந்தீங்க, யாருக்கு எவ்வளவு கொடுத்தீங்க, எப்போ போறீங்க? இதை வித்தவர் முன்னாடி கேட்டா சரியா பதில் வராது. தண்ணி கேட்கற சாக்குல ஒரு நிமிஷம் உள்ளே போய்க் கேளுங்க.

பின்கட்டுல வயசான அம்மா ஒருத்தங்க உட்கார்ந்திருந்தா, அவங்க யாருன்னும் கேளுங்க. விக்கிறவரோட அக்காவா இருக்கலாம், அவங்களுக்கும் அந்த வீட்டுல பங்கு இருக்கலாம். பங்கு உள்ளவங்க எல்லாரும் பத்திரத்துல கையெழுத்துப் போடறாங்களான்னு வரைவை அங்கேயே எடுத்துப் பாருங்க.

நம்ம ஊருக்குன்னே இன்னொரு சங்கதி உண்டு. உரிமையாளர் பிரான்ஸ்ல இருப்பார். இங்க பவர் வாங்கினவர்தான் வீட்டைக் காட்டுவார். அதுல தப்பு இல்லை. ஆனா பவர் கொடுத்தவர் இறந்துட்டா அந்தப் பவரும் பொதுவா அதோட முடிஞ்சுபோகும். பவர் பத்திரத்தை வச்சு நடக்கற விற்பனை உரிமையைக் கைமாத்தாதுன்னு 2011 அக்டோபர்ல சூரஜ் லாம்ப் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதாவது பவர் மட்டும் எழுதி வாங்கிட்டு வீடு நம்மளுதுன்னு இருக்க முடியாது, முறையா விற்பனைப் பத்திரம் பதியணும். வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே உரிமையாளருக்கு வீடியோ கால் போடுங்க. அங்க நமக்கு மூணரை, நாலரை மணி நேரம் பின்னாடி, காலங்காத்தால கூப்பிட்டு எழுப்பிடாதீங்க. முகத்தைப் பார்த்து, "இந்த வீட்டைத்தான் இந்த விலைக்கு விக்கிறீங்களா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. விலையைச் சொன்னதும் எதிர்ல ஒரு அமைதி வந்தா, பதிவைத் தள்ளிப் போடுங்க.

அடுத்தது அளவு. பழைய பத்திரத்துல குழி, வீசம்னு இருக்கும். பட்டாவுல ஹெக்டேர், ஆர், சென்டியார்னு இருக்கும். புரோக்கர் சதுர அடியில பேசுவார். மூணும் ஒண்ணுதானான்னு போன் கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. நம்ம பக்கம் ஒரு குழி 576 சதுர அடி. பதினாறு வீசம் ஒரு குழி, அப்போ ஒரு வீசம் 36 சதுர அடி. ஒரு ஆர் நூறு சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். பத்திரத்துல 2 குழி 8 வீசம்னு இருந்தா 1,440 சதுர அடி. பட்டாவுல கிட்டத்தட்ட 1 ஆர் 34 சென்டியார்னு வரணும். தமிழ்நாட்டுல சில பக்கம் குழிக்கணக்கு வேற, அங்கேயிருந்து வர்ற சொந்தக்காரர் கணக்கை இங்க போட்டுடாதீங்க.

கணக்கு சரியா வந்ததும் டேப்பை எடுங்க. 24 அடி அகலம், 60 அடி நீளம்னா 1,440 சரி. நீங்க அளக்கறப்ப அகலம் 22 அடிதான் வருதுன்னா, 120 சதுர அடி காணோம். பத்துக்குப் பன்னிரண்டு ரூம் ஒண்ணு காணாமப் போன மாதிரி. அது எங்க போச்சுன்னு பக்கத்துச் சுவரைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும். சர்வே கல்லைக் காட்டச் சொல்லுங்க. "இங்கதான் எங்கேயோ இருந்தது"ன்னா, நில அளவை அலுவலகத்துல விண்ணப்பம் கொடுத்து அளந்த பிறகு பதியலாம். பட்டா விவரத்தை நில அளவைத் துறையோட நிலமகள் இணையதளத்துல நீங்களே போன்ல பார்த்துக்கலாம். சர்வே எண்ணைத் தயாரா வச்சுக்குங்க.

பத்திரத்துல நாலு பக்க எல்லை எழுதியிருப்பாங்க. சக்குபந்தின்னு சொல்றது. அதைச் சத்தமா ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் அந்தப் பக்கம் போய் நிக்கணும். "வடக்கே இன்னாருடைய வீடு." நிக்கிறீங்க, அந்த வீட்டுக்காரர்கிட்ட "இது உங்க வீடுதானுங்களே?"ன்னு கேட்கறீங்க. "கிழக்கே பொதுப் பாதை." பாதை நிஜமாவே பொதுவா, இல்லை யாரோட பட்டாவுலயாவது நடந்து போறோமான்னு எஃப்.எம்.பி.யில பாருங்க. "தெற்கே வாய்க்கால்." வாய்க்கால்னு எழுதியிருக்கு, அங்க பார்த்தா வாய்க்காலே இல்லை, சமையலறை இருக்குன்னா, சமையலறை வாய்க்கால் புறம்போக்குல இருக்குன்னு அர்த்தம். பாகூர்ப் பக்கம் பங்காரு வாய்க்கால்ல இருந்து பிரிஞ்சு போற சின்னச் சின்ன வாய்க்கால்கள் எத்தனையோ. சொர்ணாவூர் அணைக்கட்டுல இருந்து தென்பெண்ணைத் தண்ணியைப் பாகூர் ஏரிக்குக் கொண்டு வர்ற அமைப்பு அது. இன்னைக்குத் தூர்ந்து கிடக்கற வாய்க்காலை நாளைக்கு மீட்கறப்ப சமையலறை போகும், நஷ்டஈடும் வராது.

எங்க அத்தை வீட்டுக் கதையை இங்க சொல்லணும். பாகூர்ப் பக்கம்தான். ரெண்டு கட்டு வீடு, பத்திரம் எல்லாம் பக்கா. வாங்கி ஒரு வருஷம் கழிச்சுக் கழிவறைத் தொட்டி நிரம்பி வழியுது. சுத்தம் பண்ண வந்தவர் தொட்டியோட மூடியைத் தேடறார், தேடறார், கிடைக்கலை. கடைசியில அது பக்கத்து மனையில, வைக்கோல் போருக்கு அடியில இருந்தது. முன்னாடி ரெண்டு மனையும் அண்ணன் தம்பியோடது, அப்போ யாரும் எல்லை பார்த்துத் தொட்டி கட்டலை. இப்போ அந்த மனை வேற கை மாறிடுச்சு. அத்தை புதுசா ஒரு தொட்டி கட்டி, தரையை உடைச்சுக் குழாயைத் திருப்ப வேண்டியதாப் போச்சு. அதனால, கழிவறைத் தொட்டி எங்கன்னு கேட்கறதோட விடாதீங்க, அதோட மூடி மேல போய் நில்லுங்க.

எல்லைன்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். நம்ம கொம்யூன்கள்ல புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் பின்னிப் பிணைஞ்சு கிடக்கு. வில்லியனூர்ல இருந்து கொஞ்சம் போனா விழுப்புரம் மாவட்டம் வருது, திரும்பவும் புதுச்சேரி வருது. பாகூர்ல இருந்து கடலூர் மாவட்டமும் அப்படித்தான். சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள்ள இருக்கோ அங்கதான் பதியணும். சந்தேகம் வந்தா கரண்ட் பில்லை வாங்கிப் பாருங்க. புதுச்சேரி மின்துறையா, தமிழ்நாடு மின்வாரியமான்னு அது சொல்லிடும்.

இப்போ தண்ணி. ரெண்டு தண்ணி இருக்கு, வர வேண்டிய தண்ணி, வரக் கூடாத தண்ணி.

வரக் கூடாததை முதல்ல பார்ப்போம். 2024 நவம்பர் 30 ராத்திரியை இங்க யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியது இல்லை. ஃபெஞ்சல் புயல்ல ஒரே நாள்ல புதுச்சேரியில கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டிச்சு. அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள, வீடூர் அணைத் தண்ணி சங்கராபரணியில வந்தது, சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்தது. ஆத்தோரத்துல இருந்தவங்க மழை விட்ட பிறகு மூழ்கினாங்க. அந்தத் தண்ணி எந்தெந்த வீட்டுக்குள்ள எவ்வளவு உசரம் வந்ததுன்னு எந்தப் பத்திரத்துலயும் எழுதி இருக்காது. ஆனா வீட்டுல எழுதியிருக்கும்.

மூணு அடி வரைக்கும் மட்டும் புதுசாப் பெயின்ட் அடிச்சிருக்கா? கதவு நிலையோட அடிப்பாகம் உப்பி, பெயின்ட் உரிஞ்சிருக்கா? இரும்பு கேட்ல கீழ்ப்பகுதி மட்டும் துருப்பிடிச்சிருக்கா? பிளக் பாயின்ட்களைத் தூக்கி மேல வச்சிருக்காங்களா? மர அலமாரியைத் திறந்து அடித்தட்டுல கையை வச்சுத் தடவிப் பாருங்க. வீட்டுக்குள்ள புதுசா ஊதுபத்தி வாசனை தூக்கலா இருந்தா, ஈர வாசனையை அமுக்கறதுக்கா இருக்கலாம். பக்தியாவும் இருக்கலாம், சொல்ல முடியாது.

பக்கத்துல கேட்கறப்ப, "இங்க தண்ணி நிக்குமா?"ன்னு கேட்காதீங்க. "நிக்காதுங்க"ன்னுதான் சொல்வாங்க, தெருவோட மானம் போயிடும் இல்லையா. "ஃபெஞ்சல் அப்போ நீங்க எங்க போய்த் தங்கினீங்க?"ன்னு கேளுங்க. "எங்கேயும் போகலை, வீட்லதான் இருந்தோம்"னா நல்ல பதில். "பள்ளிக்கூடத்துல ரெண்டு நாள் இருந்தோம்"னா, நீங்க வாங்கற வீட்டுலயும் தண்ணி வந்திருக்கும். ஊர்ப் பெரியவங்ககிட்ட இன்னொரு கேள்வி: ஏரி நிறைஞ்சா கலங்கல் தண்ணி எந்தப் பக்கமாப் போகும்? ஊசுட்டேரி, பாகூர் ஏரி சுத்துவட்டாரத்துல மனை வாங்கறவங்க இதைக் கேட்காம பதிவுக்குப் போகவே கூடாது. தாழ்வான இடம்னு தெரிஞ்சும் வாங்கலாம், அது உங்க விருப்பம். விலையைக் குறைச்சு வாங்கலாம், தரையை உசத்திக் கட்டலாம். தெரியாம வாங்கறதுதான் பிரச்சினை.

வர வேண்டிய தண்ணிக்கு, கொம்யூன் குழாய்ல தண்ணி வர்ற நேரத்துக்கே போங்க. எத்தனை மணிக்கு வரும்னு பக்கத்து வீட்டுல கேட்டா சொல்வாங்க. குடத்தை வச்சு எத்தனை நிமிஷத்துல நிறையுதுன்னு பாருங்க. போர் மோட்டாரை அரை மணி நேரம் ஓட விடுங்க. அஞ்சு நிமிஷத்துல காத்து வந்தா காரணம் கேட்கணும். ஒரு டம்ளர்ல பிடிச்சு வாயில ஊத்திக் கொப்பளிச்சுப் பாருங்க. கடலோரம் ஒட்டின ஊர்கள்ல உப்பு ஏறியிருக்கும். டி.டி.எஸ். அளக்கற கருவி சின்னதா, பேனா மாதிரி கடையில கிடைக்குது. குடிதண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கறது நல்லது, வேற வழியே இல்லாத இடத்துல 2,000 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதுக்கு மேலன்னா குளிக்கவும் துவைக்கவுமே யோசிக்கணும்.

கரண்ட்டுக்கு வருவோம். மீட்டர்ல இருக்கிற எண்ணும் பில்லுல இருக்கிற எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. பாக்கி இருக்கான்னு கட்டாயம் பாருங்க. "பழைய ஆளோட பாக்கியை நான் ஏன் கட்டணும்?"னு தோணும். ஆனா முந்தின உரிமையாளர் வச்ச பாக்கியைக் கட்டினாத்தான் இணைப்புன்னு புது உரிமையாளர்கிட்ட மின் நிறுவனம் கேட்க விதி இருந்தா அது செல்லும்னு 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம் நினான் வழக்குல சொல்லியிருக்கு. விக்கிற தேதி வரைக்குமான அரசு வரிகளையும் கட்டணங்களையும் விக்கிறவர்தான் கட்டணும்னு அந்த 55-ஆவது பிரிவு சொல்லுது. அதனால வீட்டு வரி ரசீது, தண்ணி ரசீது, கரண்ட் ரசீது மூணையும் பதிவுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்துக்குங்க. பதிவுக்கு அப்புறம் "தேடித் தர்றேன்"னுதான் சொல்வாங்க.

மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமாச் சொல்லிடறேன். மொட்டை மாடிக்கு ஏறுங்க. கூரை கான்கிரீட்ல கம்பி வெளியில தெரியுதா, கீழ்ச் சீலிங்ல வட்ட வட்டமாக் கறை இருக்கான்னு பாருங்க. ஓட்டு வீடுன்னா மரச்சட்டத்தைத் தட்டிப் பாருங்க, கரையான் அரிச்சது டொப்புன்னு சத்தம் வரும். எல்லாக் கதவையும் மூடித் தாழ்ப்பாள் போடுங்க. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறங்க. போறப்ப ஒரு தடவை இருட்டின பிறகும் போய்ப் பாருங்க, தெருவிளக்கு, நாய், பக்கத்துக் கடைக் கூட்டம் எல்லாம் அப்பதான் தெரியும்.

என்னென்ன வீட்டோட வருது, என்னென்ன அவர் எடுத்துட்டுப் போறார்ங்கறதையும் பேசி எழுதிக்குங்க. பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், வீட்டுல நிரந்தரமாப் பயன்படறதுக்குன்னு வச்ச பொருள்கள் எல்லாம் வீட்டோடேயே போகும்னு சொத்து மாற்றுச் சட்டத்தோட 8-ஆவது பிரிவு சொல்லுது. ஆனா ஃபேன் நிரந்தரமா, இன்வெர்ட்டர் நிரந்தரமா, வாசல்ல இருக்கற துளசி மாடம் நிரந்தரமான்னு பதிவு அன்னைக்குச் சண்டை போடறதை விட, வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்கிக்கறது மேல். வீடு முழுக்க ஒரு வீடியோவும் எடுத்துக்குங்க, பேசிக்கிட்டே எடுங்க: "இன்னைக்குத் தேதி இது, போர் மோட்டார் இருக்கு, ஓடுது."

சரி, போய்ப் பார்த்தீங்க, ஏதோ ஒண்ணு சரியில்லை. இப்போ என்ன செய்யறது? இதுதான் கஷ்டமான இடம். நாளைக்கு முகூர்த்த நாள். டி.டி. எடுத்தாச்சு. மாமனார் ஊர்ல இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வந்தாச்சு. புரோக்கர், "சின்ன விஷயம்ங்க, பதிஞ்சுட்டுப் பார்த்துக்கலாம்"னு சொல்றார். நல்ல நேரம் ஒன்பதுல இருந்து பத்தரை. இத்தனை பேர் முன்னாடி "நிறுத்துங்க"ன்னு சொல்ல நமக்குச் சங்கடம். நான் பேசிப் பார்த்தவங்க பல பேர் ஏமாந்தது தெரியாமல் இல்லை. தெரிஞ்சுதான் இருந்தது, சொல்லச் சங்கடப்பட்டாங்க.

நிறுத்தணும்னே கூட இல்லை. சின்னக் குறைன்னா, சரி பண்ண ஆகற தொகையை விலையில கழிச்சு, பத்திரத்துல அந்த விலையையே எழுதலாம். குடியிருக்கறவங்க காலி பண்ணலைன்னா, அவங்க போக்கியத் தொகையை விக்கிறவர் முன்னிலையில, உங்க பணத்துல இருந்தே அவங்க வங்கிக் கணக்குக்கு நேரா அனுப்பி, ரசீது வாங்கி, வீட்டைக் காலி பண்ண வச்ச பிறகு பதியலாம். எல்லை தெரியலைன்னா அளக்கற வரைக்கும் காத்திருக்கணும், அதுல சமரசம் வேண்டாம். மூலப் பத்திரம் "வங்கியில இருக்கு"ன்னு சொன்னா, எந்த வங்கி, எவ்வளவு கடன்னு எழுத்துல வாங்குங்க. வங்கிகள் அடமானத்தைப் பதிவு பண்ற மத்தியப் பதிவகம் செர்சாய்னு ஒண்ணு 2011-ல் இருந்து இருக்கு, கட்டணம் கட்டினா யாரும் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு தைரியமும் தர்றேன். உரிமை கைமாறுற வரைக்கும் வீட்டுக்கு வர்ற சேதம் விக்கிறவரோடது, கைமாறின பிறகு வாங்கினவரோடது. நடுவுல வீட்டை ஒழுங்காப் பாத்துக்க வேண்டியதும் அவர் பொறுப்புதான். கார்த்திகையில புயல் எச்சரிக்கை இருக்கறப்ப பதிவை ஒரு வாரம் தள்ளிப் போட்டா குடி முழுகிடாது. ஒரு முகூர்த்தம் போனா அடுத்தது வரும், பஞ்சாங்கத்துல நிறைய இருக்கு.

பதிவு அன்னைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துல கையெழுத்து முடிஞ்ச உடனே சாவியைக் கேளுங்க. வீட்டுல எத்தனை பூட்டுன்னு முந்தின நாளே எண்ணி வச்சிருக்கீங்க இல்லையா, அத்தனை சாவியும் வரணும். மாடிக் கதவுச் சாவியும் மோட்டார் அறைச் சாவியும்தான் வழக்கமாக் காணாமப் போறது. அன்னைக்குச் சாயங்காலமே போய் வாசல் பூட்டை மாத்திடுங்க. மறுநாள்ல இருந்து பட்டா மாற்றம், வீட்டு வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம்னு வேலை இருக்கு. அதுக்கு இன்னொரு நாள் தனியா உட்கார்ந்து பேசலாம்.

நான் ரொம்ப நேரம் பேசிட்டேன். இப்போ நீங்க கேளுங்க. பின் வரிசையில ஒரு அம்மா கழிவறைத் தொட்டியைப் பத்திச் சொன்னதுல இருந்து கையைத் தூக்கினபடி இருக்காங்க, முதல்ல அவங்க பேசட்டும்.